எச்சரித்து ஆம்

எங்கோ இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டன. ஒரு நாட்டின் மண்ணுக்கடியில் பேட்டரி செய்கிற உப்பு கிடந்தது. இன்னொரு நாட்டுக்கு அது வேண்டும். சண்டைக்கு என்ன காரணம் என்று கேட்டால் இரண்டு பேருமே மானம், மரபு, எல்லை என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். உப்பு என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது.

அந்தச் சண்டையில் அடித்ததெல்லாம் ஆளில்லாத விமானங்கள். யாரை அடிப்பது, எப்போது அடிப்பது என்று அவையே முடிவு செய்தன. இதைப் பார்த்துப் பயந்துபோன உலகம் கூடி உட்கார்ந்து ஒரு உடன்படிக்கை போட்டது. இயந்திரம் அடிக்கலாம், ஆனால் சண்டையில் சம்பந்தமில்லாத மூன்றாவது நாட்டில் சட்டம் படித்த ஒரு மனுஷ ஜீவன் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடிக்கலாம். சொந்த நாட்டு வக்கீலை வைத்தால் அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான் அல்லவா?

நல்ல சட்டம்தான். ஆனால் நல்ல சட்டங்களின் வேலை எப்போதும் யார் தலையில் வந்து விடிகிறது? குறைந்த சம்பளத்துக்கு வருகிறவர்கள் தலையில். அப்படித்தான் விருதுநகரில், நான்குவழிச் சாலையோரம், டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் நடுநிலைச் சட்ட மையம் வந்தது. நாற்பது இளம் வக்கீல்கள். அடிக்க நினைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோப்பு, ஒரு கோப்புக்கு நாற்பது நொடி. திரையில் மூன்றே பொத்தான்கள்: ஆம், இல்லை, எச்சரித்து ஆம்.

மூன்றாவதை அழுத்தினால், அடிப்பதற்கு இருபது நிமிஷம் முன்னால் விமானமே கீழே இறங்கி அந்த ஊர்ப் பாஷையில் ஒலிபெருக்கி வைத்து, "ஓடிப் போங்கள்" என்று கத்தும். ராணுவங்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. எதிரியும் சேர்ந்து ஓடிவிடுவான் என்பார்கள். அதனால் மையத்தில் அந்தப் பொத்தானை யாரும் தொடுவதில்லை.

திலகராணிக்கு மையத்தில் வைத்த பேர் "இல்லை ராணி". பக்கத்து மேசைக்காரர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு ஆம் போடும்போது அவள் பாதிக்குப் பாதி இல்லை போடுவாள். ஏன் என்று கேட்டால், "எனக்குத் தெரியலைன்னா இல்லைன்னுதான் போடுவேன். தெரியாம ஆம் போடுறதுக்கு நான் எதுக்கு, ரப்பர் ஸ்டாம்ப் போதுமே" என்பாள். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவள் அவள் ஒருத்திதான். அவள் ஏறட்டும் என்று பத்தாம் வகுப்போடு இறங்கியவள் அவளுடைய அக்கா முனீஸ்வரி. பதினான்கு வருஷமாகச் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை. இதற்கெல்லாம் திலகா ஒரு நாளும் அக்காவுக்கு நன்றி சொன்னதில்லை. சொன்னால் அக்கா தலையில் கொட்டுவாள்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு ஒரு கோப்பு வந்தது. வெட்டவெளியில் தள்ளித்தள்ளி ஏழு சிறு அறைகள். சுற்றிலும் முப்பத்தொரு பேர், எல்லாரும் பெண்கள். "வெடிபொருள் கூடம். உறுதி தொண்ணூற்று நான்கு சதவீதம்" என்று இயந்திரம் எழுதியிருந்தது. அவர்கள் கைகளில் ரசாயனத் தூள், வெறுங்காலோடு ஓசைப்படாத நடமாட்டம், ஐந்தாம் அறையில் காரணமில்லாத வெப்பம் என்று மூன்று ஆதாரம் வேறு.

திலகாவின் கண் போனது வாசல் கேட்டுக்கு. அங்கே செருப்புகள் வரிசையாகக் கழற்றிக் கிடந்தன. இல்லை என்று அழுத்தினாள். காரணம் என்ற கட்டத்தில், "இது பட்டாசுக் கம்பெனி" என்று எழுதினாள்.

ராணுவம் விடவில்லை. மேல்முறையீடு போட்டது. அப்படிப் போட்டால், மறுத்த வக்கீல் இரண்டு மணி நேரத்துக்குள் அந்தத் தொழில் தெரிந்த ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் இல்லை தானாக ஆம் ஆகிவிடும். ஷிஃப்ட் இன்சார்ஜ் எபநேசர், ஐம்பது வயதைத் தாண்டிய மெல்லிய மனுஷன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எந்த யுனிவர்சிட்டிம்மா? வேதியியல் புரொஃபசர் யாரையாச்சும் தெரியுமா உனக்கு?"

"புரொஃபசர் எதுக்கு சார்? எங்க அக்கா இருக்கா. கார் மட்டும் அனுப்புங்க."

முனீஸ்வரி வேலைக்குப் போட்டிருந்த பழைய சேலையும், மேலே ஆம்பளைச் சட்டையுமாக அப்படியே வந்து இறங்கினாள். முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது. மாடிப்படி வாசலில் இருந்த சோதனைக் கருவி அவளைக் கண்டதும் அலறத் தொடங்கியது. காவலாளி பதறி ஓடிவந்து கையைத் தூக்கச் சொன்னார்.

"தூக்குறேன் அண்ணாச்சி. வேணும்னா உங்க சட்டையில ரெண்டு கோடு போட்டுவிடவா? நீங்களும் கத்துவீங்க" என்றாள் முனீஸ்வரி.

உள்ளே வந்ததும் தங்கச்சியை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏ புள்ள, ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு இப்படியா கறுத்துப் போவ? நான் வெயில்ல கிடக்கேன், எனக்கே தேவலை."

"அப்புறம் திட்டு. இதைப் பாரு."

பெரிய திரையில் ஒரு பக்கம் அந்த ஏழு அறைகள். மறுபக்கம் சீருடையில் ஒரு கர்னல். அந்த ஆள் தன் பாஷையில் பேசப் பேச, மொழிபெயர்ப்பு இயந்திரம் தமிழில் சொன்னது.

"வணக்கம் அம்மையீர். தாங்கள் எவ்வகையில் இத்துறையில் தேர்ச்சி பெற்றவர் என்பதை அருள்கூர்ந்து விளக்குவீராக."

முனீஸ்வரி தங்கச்சி காதில், "இந்தாளு என்ன, நாடகத்துல ராசா வேசம் கட்டுறவனா?" என்றாள். பிறகு சத்தமாக, "பதினாலு வருசமா பட்டாசுல மருந்து அடைக்கேன், திரி கிள்ளுதேன், வாணத்துக்கு மணி மருந்து போடுதேன். போதுமா?" என்றாள்.

"இவ்விடம் படைக்கலம் செய்யும் கூடம் அன்று என்பதற்குச் சான்று யாது?"

"முதல்ல செருப்பைப் பாருங்க. செருப்புல மண்ணு இருக்கும், ஆணி இருக்கும். உரசுனா பொறி. அதான் கேட்டுலயே கழட்டிருவோம். அறையைப் பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் எத்தனை வாசல்? நாலு. எதுக்கு நாலு? எந்தப் பக்கம் வெடிச்சாலும் எதிர்ப் பக்கம் ஓடணும்ல. ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் எவ்வளவு தூரம் விட்டிருக்கான் பாருங்க. ஒண்ணு போனா மத்தது தப்பணும். ஆளைக் கொல்லுறதுக்குச் சாமான் செய்றவன் தப்பிக்கிறதுக்கு இவ்வளவு வழி வச்சுக் கட்டுவானாய்யா?"

கர்னல் ஏதோ குறித்துக்கொண்டார்.

"அதோ அந்த ஓரத்துல மூணு பேரு வெயில்ல எதையோ காய வைக்காளுக. மேல நீங்க சுத்துறது அவளுகளுக்குத் தெரியும். குண்டா இருந்தா உங்க கண்ணு முன்னாடியா காயப் போடுவா? ஆமா, அந்த ஊர்ல அடுத்த வாரம் ஏதாச்சும் திருவிழா இருக்கா?"

இயந்திரம் கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கர்னல் பக்கத்தில் யாரிடமோ விசாரித்தார்.

"ஆம். அறுவடைத் திருநாள் வருகின்றது."

"அப்புறம் என்ன? சண்டை போட்டா சாமி கும்பிடக் கூடாதா? இங்கயும் ஒரு மெசினு இப்பதான் வாசல்ல என்னையும் குண்டு வைக்கிறவன்னு சொல்லிச்சு. மெசினைப் போய் நம்பிக்கிட்டு."

எபநேசர் சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றினார். திலகாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. சட்டக் கல்லூரியில் ஐந்து வருஷம் வாதிடக் கற்றுக்கொடுத்தார்கள். ஒருத்தரும் இப்படிப் பேசக் கற்றுத்தரவில்லை.

"இறுதியாக ஒன்று" என்றார் கர்னல். "ஐந்தாம் அறையில் எவரும் இலர். ஆயினும் அங்கே வெப்பம் ஐம்பத்தெட்டு பாகை. எந்திரம் ஏதும் இயங்கவில்லை எனில் அவ்வெப்பம் எங்கிருந்து வருகின்றது?"

திரையில் அந்த ஒரு அறை மட்டும் ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. முனீஸ்வரி அதுவரை அதைக் கவனிக்கவில்லை.

"இந்தக் கலர் என்ன திலகா?"

"சூடு. கூடக்கூட மஞ்சளாகும், அப்புறம் வெள்ளையாகும்."

முனீஸ்வரி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "ஐயா, இவளுக மூணு நாலு நாளா வேலைக்கு வரலையோ?"

"எமது விமானங்களைக் கொண்டு அவ்வூரில் ஊரடங்கு விதித்திருந்தோம். இன்று காலைதான் தளர்த்தினோம்."

"மழை பேஞ்சதா?"

"முந்தைய தினம் மாலை தூறல் இருந்தது."

முனீஸ்வரியின் முகத்தில் இருந்த கேலி இறங்கிப்போனது. "ஏ புள்ள, கலந்த மருந்தை அன்னன்னைக்கே தீர்த்துரணும். மிச்சம் வைக்கக் கூடாது. இவளுகளை ஊரடங்குன்னு திடீர்னு விரட்டியிருக்கான். மீந்த மருந்தை அப்படியே உள்ள போட்டுப் பூட்டிட்டு ஓடியிருக்காளுக. கூரை ஒழுகியிருக்கு. அலுமினியப் பொடி சேர்ந்த மருந்துல ஈரம் பட்டா அது தானா கொதிக்கும். தீக்குச்சியே வேணாம்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"அரை மணியும் தாங்கும், ஒரு மணியும் தாங்கும். அதுக்கு மேல தாங்காது. பாரு, அந்த அறைச் சுவத்து நிழல்லதான எட்டுப் பேரு உக்காந்து திரி கிள்ளுறா. சொல்லுங்கய்யா அவளுகட்ட, சீக்கிரம்."

கர்னல் பேசி முடித்ததும் இயந்திரம் அழகான தமிழில் சொன்னது. "அம்மையீரின் சாட்சியம் ஐயமற ஏற்கப்படுகின்றது. இவ்விடம் இலக்கு அன்று. மறுப்பு செல்லும். கோப்பு மூடப்படுகின்றது. நன்றி."

"இருங்க" என்றாள் திலகா. "அவங்களுக்கு யார் சொல்றது?"

"பகை நாட்டில் நிகழும் விபத்துகளைத் தடுப்பது எமது கடமையன்று. உடன்படிக்கையில் அவ்வாறு விதி இல்லை. தாங்கள் சட்டம் அறிந்தவர்."

இல்லைதான். திலகாவுக்கு உடன்படிக்கை தலைகீழ்ப் பாடம். அடிக்கப் போகிறாயா, எச்சரி என்று இருக்கிறது. அடிக்கப் போகவில்லையா, உனக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கொல்ல வருகிறவனுக்கு மட்டும்தான் வாயைத் திறக்கச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இதை எழுதியவர்கள் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள்.

கோப்பு மூட முப்பது நொடி என்று திரையின் மூலையில் எண் இறங்கியது. மூடிவிட்டால் படமும் போய்விடும். முனீஸ்வரி தங்கச்சியின் சட்டையைப் பிடித்தாள்.

"என்ன பேசுறான் அவன்? சொல்ல மாட்டானாமா? ஏ, ஆறு வருசத்துக்கு முன்னாடி எங்க பக்கத்து அறைல அஞ்சு பேரு போனாளே, செல்வியக்கா, அந்தச் சித்தி எல்லாம். இதே மாதிரிதான். யாராச்சும் ஒரு சத்தம் குடுத்திருந்தா..."

திலகா உட்கார்ந்தாள். இல்லை என்ற தன் முடிவைத் திரும்ப எடுத்தாள். எச்சரித்து ஆம் என்ற பொத்தானை அழுத்திக் கையெழுத்தாகக் கட்டைவிரலை வைத்தாள்.

எபநேசர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "தாயி, என்ன பண்ணுற நீ? அது பட்டாசுக் கம்பெனின்னு இப்பத்தானம்மா நிரூபிச்ச!"

"நான் ஆம் போட்டாத்தான சார் அந்த விமானம் வாயைத் திறக்கும்? திறக்கட்டும். இருபது நிமிஷம் இருக்கு. அவங்க வெளிய போனதும் கையெழுத்தைத் திரும்ப எடுத்துருவேன். கடைசி நிமிஷம் வரைக்கும் எடுக்கலாம்னு சட்டம் இருக்கு."

"எடுக்கலாம். ஆனா பொய்யா எச்சரிக்கை விட்டதுக்கு உன் லைசென்ஸ் போயிரும். அதுவும் சட்டத்துல இருக்கு."

திலகா திரையையே பார்த்தாள். அக்கா இருக்கிற பக்கம் திரும்பவில்லை. அந்த லைசென்ஸ் அவளுடையது மட்டும் இல்லை.

கர்னல் கோபமாக ஏதோ சொன்னார். "விந்தையான முடிவு" என்று மட்டும் மொழிபெயர்ப்பு வந்தது. ஆனால் கையெழுத்து விழுந்துவிட்டால் உடன்படிக்கை அவரையும் கட்டும். திரையில் தரை பெரிதாகிக்கொண்டே வந்தது. விமானம் தாழ இறங்கியது. அதன் குரல் இங்கே கேட்காது. கேட்டாலும் அந்தப் பாஷை புரியாது. ஆனால் கீழே முப்பத்தொரு தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்ததைப் பார்க்க முடிந்தது.

ஓடினார்கள். வெறுங்காலோடு, செருப்பைக்கூட எடுக்காமல், கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, அறுத்த வயல் பக்கம். முனீஸ்வரி திரையில் விரல் வைத்து எண்ணினாள். "இருபத்தெட்டு, இருபத்தொம்பது, முப்பது. ஒருத்தி எங்க? ஏ, ஒருத்தி எங்க?"

ஒருத்தி திரும்பி ஓடிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் அறைச் சுவரோரம் சாப்பாட்டுத் தூக்குவாளியை விட்டுவிட்டாள் போல.

"அடி பாதகத்தி, சோத்துக்கா திரும்புற? போடி, போடி" என்று முனீஸ்வரி கண்ணாடித் திரையைத் தட்டித் தட்டி விரட்டினாள். வயலிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து அவளைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். தூக்குவாளியோடுதான் போனாள்.

முப்பத்தொன்று.

அறை இப்போது மஞ்சள். தொண்ணூறு பாகை. திரையின் மூலையில் ஒன்பது நிமிஷம் மிச்சம். திலகா காத்திருந்தாள். இப்போதே கையை எடுத்தால் விமானம் மேலே போய்விடும். அவர்கள் பயம் தெளிந்து திரும்பி வந்துவிடுவார்கள். ஆறு நிமிஷம். நான்கு. அறை வெடிக்கவில்லை. நூற்றுப் பதினைந்து பாகை.

எபநேசர் குரலைத் தணித்துச் சொன்னார். "தாயி, நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாத. அங்க யாரும் இல்லை. அறை எப்படியும் போகத்தான் போகுது. ஏவுகணை விழுந்துட்டுப் போகட்டும். கையை எடுக்காத. ஒரு உசுரும் போகாது, உன் வேலையும் போகாது."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம்.

முனீஸ்வரி கேட்டாள். "அப்படி விட்டா என்ன ஆகும்?"

"ஏவுகணை விழுந்தா, அந்த இடம் ஆயுதக் கூடம்னு பதிவாகும்" என்றாள் திலகா. "அங்க வேலை பார்த்த முப்பத்தொரு பேரு முகமும் ஆயுதம் செய்றவங்கன்னு மெசின்ல ஏறும். அப்புறம் அவங்க கடைக்குப் போனாலும் பின்னாடி வரும், கல்யாணத்துக்குப் போனாலும் வரும். நான் போட்ட கையெழுத்துல."

"கையை எடுத்தா?"

"என் வேலை போகும்."

முனீஸ்வரி ஒரு நொடிகூட யோசித்த மாதிரி தெரியவில்லை. "அப்ப எதுக்கு இன்னும் அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்க? எடு."

இரண்டு நிமிஷம் மிச்சமிருக்கையில் திலகா கையெழுத்தைத் திரும்ப எடுத்தாள். காரணக் கட்டத்தில், "இது பட்டாசுக் கம்பெனி. ஐந்தாம் அறையில் ஈரம்பட்ட மருந்து. எச்சரிக்கை அதற்காக. சாட்சி: மு. முனீஸ்வரி, பட்டாசுத் தொழிலாளி" என்று எழுதினாள். ஒரு எழுத்து விடாமல் எழுதினாள்.

திரையில் சிவப்பாக வந்தது: உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது.

விமானம் மேலே எழும்பத் தொடங்கியது. வயலில் பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தி இரண்டடி முன்னால் வைத்தாள். இன்னொருத்தி அவள் பின்னால் வந்தாள். முனீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த முதல் பெண் ரோட்டோரம் வந்து, தார் ரோட்டில் காலை வைப்பதா வேண்டாமா என்று நின்றாள்.

அறை வெள்ளையானது. பிறகு திரை முழுக்க வெள்ளை.

சத்தம் இல்லை. அங்கேயிருந்து இங்கே சத்தம் வராது. புகை விலகியபோது ஐந்தாம் அறை இருந்த இடத்தில் ஒரு பள்ளம். நான்கும் ஆறும் கூரை பறந்து நின்றன. தள்ளிக் கட்டியிருந்ததால் மற்ற நான்கும் தப்பின. ரோட்டோரம் அந்தப் பெண் குப்புற விழுந்து கிடந்தாள். முனீஸ்வரி திரையில் அவளைத் தொட்டாள். அந்தப் பெண் எழுந்து உடுப்பை உதறினாள்.

கர்னல் படத்தைப் பெரிதாக்கிப் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு பேசினார். "இலக்கு அழிந்தது. தங்கள் கையெழுத்துக்கு எமது படையின் நன்றி உரித்தாகுக."

"உங்க ஏவுகணை இன்னும் உங்க விமானத்துலயே இருக்கு. எண்ணிப் பாருங்க" என்றாள் திலகா. "நான் கையை எடுத்த நேரம் கோப்புல இருக்கு. அது உங்க சாதனை இல்லை. விபத்துன்னு எழுதுங்க. நீங்க போட்ட ஊரடங்குல வந்த விபத்து, அதையும் எழுதுங்க. எழுதலைன்னா நான் கருப்புக் கோட்டு போட முடியாட்டியும் சாட்சிக் கூண்டுல ஏற முடியும். எங்க அக்காவைப் பார்த்தீங்கல்ல. இந்தக் குடும்பம் நல்லா சாட்சி சொல்லும்."

கர்னல் தலைகுனிந்து நெடுநேரம் தட்டச்சு செய்தார். திரையில் ஒரு வரி வந்தது: விபத்து. தாக்குதல் இல்லை. உயிரிழப்பு இல்லை.

எபநேசர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "மதுரைல விசாரணை வைப்பாங்க. ஆறு மாசம் ஆகும். நான் வந்து உனக்காகப் பேசுவேன் தாயி" என்றார். அந்த ஒரு சொல்லுக்கும் திலகா மனசுக்குள் நன்றி சொன்னாள். நூறு கோப்புக்குத் தொண்ணூறு ஆம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிற கட்டடத்தில் பேச வருகிறேன் என்று ஒருத்தராவது சொன்னாரே.

அக்காவிடம் திரும்பினாள். "உன் பதினாலு வருசத்தை நான் இன்னைக்கு..."

"வாயை மூடு" என்றாள் முனீஸ்வரி. எதிர்பார்த்த மாதிரியே தலையில் ஒரு கொட்டு விழுந்தது. அலுமினியப் பொடி திலகாவின் முடியில் ஒட்டியது. "நான் எதுக்கு உன்னைப் படிக்க வச்சேன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது. நம்ம செல்வியக்காளுக்கு இல்லாமப் போச்சு. போகட்டும், இவளுகளுக்காச்சும் வாய்ச்சதே."

"அக்கா, நன்றிக்கா."

"ஏய், அங்க பாரு."

விமானம் இன்னும் முழுதாக மேலே ஏறவில்லை. கீழே அந்தப் பெண்கள் வயலிலிருந்து ரோட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? விமானம் வந்தது, மிரட்டியது, வேலை செய்த இடத்தை வெடிக்க வைத்தது. அவ்வளவுதான் தெரியும். குனிந்து குனிந்து கல் பொறுக்கினார்கள். முப்பத்தொரு பேரும் விமானத்தைப் பார்த்து எறியத் தொடங்கினார்கள். வாய்கள் அசைந்தன. என்ன வசவு என்று கேட்க மொழிபெயர்ப்பு தேவையில்லை.

"நம்மளத்தான் வையுறாங்க" என்றாள் திலகா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

"வையட்டும். வாய் இருக்கப்போய்த்தான வையுறாளுக, கை இருக்கப்போய்த்தான எறியுறாளுக." முனீஸ்வரி சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முகமெல்லாம் வெள்ளியானது. "நல்லா எறியுங்கடி."

தூக்குவாளிக்காரி அதைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெரிய கல்லாக எடுத்தாள். இரண்டு அடி பின்னால் போய், ஓடிவந்து வீசினாள். கல் நேராகக் கேமராவைப் பார்த்து வந்தது. வந்துகொண்டே இருந்தது. திரை பட்டென்று கறுத்துப்போனது.

"திரி கிள்ளுற கை" என்றாள் முனீஸ்வரி பெருமையாக. "குறி தப்புமா?"